காவல் வண்டி

பொதுமக்களின் நலனைக் கருத்தில் கொண்டு, எங்கள் மாநகராட்சி கார் நிறுத்தும் இடங்களுக்கு முன்பதிவு முறையை அமல்படுத்தியது. மாநகராட்சி என் நலனைக் கருத்தில் கொள்ளும்போதெல்லாம் நான் பர்ஸை இறுகப் பிடித்துக்கொள்வேன். ஆனால் கடைவாய்ப்பல் வலியில் ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போன எங்கள் தெருத் தையல்காரருக்கு அதையெல்லாம் யோசிக்க ஏது தெம்பு? பல் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே ஓர் இடத்தைப் பதிவு செய்தார். மனைவியைக் காரோட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் முனகிக்கொண்டே வந்தார்.

அவருடைய இடத்தில் மாநகராட்சி ஜீப் நின்றது. பக்கத்தில் நாற்காலி போட்டு ஓர் அலுவலர் உட்கார்ந்திருந்தார்.

"சார், இது நாங்க பதிவு பண்ண இடம்," என்றார் மனைவி.

"தெரியும்மா. உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். வேற யாரும் நுழைஞ்சிடக் கூடாதுன்னு காலையிலேருந்து ஜீப்பை நிறுத்திப் பாதுகாக்கிறோம்."

"ரொம்ப நன்றி சார். இப்ப எடுத்துடுங்க."

அலுவலர் பரிதாபமாகப் பார்த்தார். "எடுத்தா இடம் காலியாயிடுமேம்மா! காலி இடத்துல யார் வேணும்னாலும் நிறுத்தலாம்னு விதி. அப்புறம் உங்க முன்பதிவு என்ன ஆகும்?"

"நாங்கதான் உடனே நிறுத்திடுவோமே!"

"தாராளமா நிறுத்துங்க. நிறுத்தினதும் ஜீப்பை எடுத்துடறேன்."

தையல்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ம்ம்ம்ம்!" என்றார்.

"பாருங்க, சாருக்குப் புரிஞ்சிடுச்சு," என்றார் அலுவலர்.

பின்னால் ஹாரன்கள் அலறின. அவற்றில் ஒன்று என்னுடையது. மனைவி தெருவைச் சுற்றி வந்தார். ஜீப் கடமை தவறாமல் நின்றது. மறுபடி சுற்றினார். தையல்காரரின் முனகல் தெருவுக்கே கேட்டது. அடுத்த சுற்றில் பல் டாக்டரம்மா பொறுக்கமாட்டாமல் குறடும் கையுமாக ஓடிவந்து, ஊர்ந்துகொண்டிருந்த காரில் தொற்றி ஏறினார்.

"திருப்பத்துல மட்டும் மெதுவாப் போங்கம்மா," என்றார்.

வேகத்தடை ஒன்றின் பேருதவியால் பல் வெளியே வந்தது. வலித்த பல்லேதான், பக்கத்துப் பல் அல்ல.

இதற்குள் தெருவே அடைத்துக்கொண்டது. கார்க்காரர்கள் எல்லோரும் இறங்கிப்போய் ஜீப்பைச் சூழ்ந்தார்கள். இன்றோடு அலுவலர் கதை முடிந்தது என்று எனக்கு ஒரே குஷி. நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடினேன்.

முதலில் நின்றவர் ஜீப்பை ஓங்கித் தட்டினார். "என் இடத்துக்கு மட்டும் ஏன் சார் இப்படி வண்டி போடல? நான் வரி கட்டலையா?"

"எனக்கு ஜீப் பத்தாது. வேன் போடுங்க," என்றார் இன்னொருவர்.

தையல்காரர் வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு முண்டியடித்து வந்தார். "தள்ளுங்க! முதல்ல என் பொண்டாட்டி பல்லுக்கு ஒரு ஜீப் போடுங்க!"

"எனக்குப் பல் வலியே இல்லையேங்க!"

"வலிக்கும்போது இடம் கிடைக்குமாடி?"

இப்போது எங்கள் ஊரில் இடம் இல்லாத கார்க்காரர் ஒருவர்கூடக் கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காவல் வண்டி. என் இடத்தில் புத்தம் புது வேன் நிற்கிறது. சுற்றி வரும்போதெல்லாம் காரில் இருக்கும் உறவினர்களுக்குப் பெருமையோடு கை நீட்டிக் காட்டுகிறேன். அவர்களை இறக்கிவிடத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.