நீல நாடா கட்டிய மரங்கள்

நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் பரிமாற என்னால் முடியாது. இதை நற்குணம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் குணத்தால் ஒரு பைன் காட்டையும் ஒரு குடும்பத்தின் விசாவையும் ஒரே நாளில் கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், நாடு விட்டு வந்த புதிதில், டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஓர் அறையில் நானும் குணம் அண்ணையும் இருந்தோம். மார்க்கம் என்ற ஊருக்கும் வடக்கே ஒரு வெள்ளைக்காரர் பலகைக்காக வளர்த்த பைன் தோட்டத்தில் அண்ணை வேலை செய்தார். அங்கே என்னையும் சேர்த்துவிட்டார். உணவகத்தில் கோப்பை கழுவிய கைக்கு உர வாளி சொர்க்கமாக இருந்தது.

முதல் வசந்தத்தில் முதலாளி ஆங்கிலத்தில் நெடுநேரம் விளக்கினார். நான் நெடுநேரம் தலையாட்டினேன். விளங்கியது இவ்வளவுதான்: சிவப்பு நாடா கட்டிய மரங்களுக்கு உரம், நீல நாடாவுக்கு இல்லை. (கஞ்சன் என்று மனதுக்குள் திட்டினேன்.)

ஊரில் எத்தனை கலியாண வீடுகளில் வடை வாளி தூக்கியிருப்பேன். ஓர் இலையைத் தாண்டிப் போனால் அந்த வீட்டுச் சம்பந்தமே முறிந்துபோகும். இங்கே ஒரு வரிசையில் இருபது மரங்கள் சாப்பிட, அடுத்த வரிசை பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணை காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், மிஞ்சிய மூட்டைகளை உடைத்து நீல நாடாக்காரருக்கும் வஞ்சகமில்லாமல் வீசினேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வருடம் கோடை முடிவில் மரங்களை அளக்கும் நாள் வந்தது. காரில் போகும்போது அண்ணை வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"இண்டைக்குத்தானடா முடிவு. சிவப்பு வளர்ந்து நீலம் குட்டையா நிண்டாத்தான், உரத்தாலை லாபமெண்டு முதலாளி நம்புவார். பிறகு முழுக் காட்டுக்கும் உரம், எங்களுக்கு நிரந்தர வேலை. அந்தக் கடிதத்தை வச்சுத்தான் மனிசியை ஸ்பொன்சர் பண்ணப்போறன்."

அவருடைய மனைவி மூன்று வருடமாகக் கொழும்பில் காத்திருந்தார்.

"நீலத்துக்கும் ஒரு பிடி போட்டிருந்தால் என்ன அண்ணை?"

"விசரே உனக்கு? பிறகு எதோடை ஒப்பிடுறது?"

காரை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடலாமா என்று யோசித்தேன். ஓடவில்லை. அந்தக் காட்டுச் சாலையில் பஸ் கிடையாது.

முதலாளி அளவுகோலோடு சிவப்பு வரிசையில் நடந்தார். நுனித் தண்டுகள் நன்றாக நீண்டிருந்தன. சிரித்தார். பிறகு நீல வரிசை. முதல் மரத்தை அளந்தார், மறுபடியும் அளந்தார். ஆறாவது மரத்தில் சிரிப்பு போய்விட்டது. உரத்தால் ஒரு பயனும் இல்லை, வீண் செலவு, இத்தோடு நிறுத்துகிறேன் என்றார். அண்ணை வெள்ளைச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

முன்னால் போய், இவற்றுக்கும் நான்தான் உரம் போட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். பந்தி வஞ்சகத்துக்கு ஆங்கிலம் ஏது?

"எவ்ரிபடி சிட், சேர். எவ்ரிபடி ஈட்."

முதலாளி அளவுகோலைக் கீழே இறக்கினார். பிறகு, உரம் எதுவரை போனது என்று கேட்டார். கிழக்கு மூலையில் மூட்டை தீர்ந்த இடத்தைக் காட்டினேன். அதற்கப்பால், அதே வருடம் நட்ட நீல நாடா மரங்கள் வெளிறிப்போய், பாதி வளர்ச்சியோடு நின்றன. என் கை எட்டாத அந்தப் பாவங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. முதலாளி அவற்றை ஒவ்வொன்றாக அளந்து எழுதினார்.

அண்ணைக்கு நிரந்தர வேலை கிடைத்தது. எனக்கு அன்றோடு வேலை போனது. வாளியோடு என்னை நம்ப முடியாதாம்.

அடுத்த வருடம் அண்ணையின் மனைவி வந்து சேர்ந்தார். இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் நான் உட்காரும் கதிரையில் ஒரு நீல நாடா கட்டுவது அவர்தான். எல்லோருக்கும் வடை போட்டுக்கொண்டு வந்து, என்னை மட்டும் தாண்டிப் போவார்.

"உவருக்கு வேண்டாம். உவர் ஒப்பிட்டுப் பாக்கிற மரம்."

சபை சிரிக்கும். போன மாதமும் சிரித்தது. அப்போது பக்கத்தில் இருந்த என் மகள், யாரும் பார்க்காத நேரம் தன் வடையைப் பிய்த்து என் தட்டில் பாதி வைத்தாள். அவளையும் எந்தத் தோட்டத்திலும் வேலைக்கு வைக்கமாட்டார்கள்.