பெரியப்பாவின் உயிலும் கண்ணாடிக்காரர் வீடும்

இனி எதற்கும் பயப்படுவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்த அன்றே அவருக்குக் காய்ச்சல் வந்தது.

காரணம் பெரியப்பாவின் உயில். சொத்தைத் தன் மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டு அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். போதாததற்கு மைத்துனர் வந்து பீதியைக் கிளப்பினார். இப்படித்தான் ஒருவர் அவசரமாகப் பிரித்துக் கொடுத்தாராம். பிறகு, செத்தவருக்குக் கடன் கொடுத்தவன் வந்து நின்றானாம். பிள்ளைகள் கையை விரிக்க, பிரித்துக் கொடுத்தவரின் வீடு ஏலத்துக்குப் போனதாம்.

அன்றிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் கடைக்காரருக்குக் கடன்காரர்களாகத் தெரிந்தார்கள். கையில் ஃபைலோடு ஒருவர் கடைக்குள் வர, இவர் மேசைக்கடியில் புகுந்துகொண்டார். வந்தவர் குனிந்து பார்த்து, கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியவில்லை என்றார்.

சோறு இறங்கவில்லை. கதவு தட்டினால் கொல்லைப்பக்கம் ஓடினார். கடைசியில் ஒரு யோசனை உதித்தது. வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால் எவன் வந்து எதைப் பிடுங்குவான்? பயத்தைச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. அன்பினால் எழுதி வைப்பதாகச் சொன்னார்.

மனைவி அவர் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். "உங்க இஷ்டம்ங்க" என்றாள். அந்த வாரமே பத்திரம் பதிவானது.

அந்தத் தெம்பில் வக்கீலிடம் போனார். சொத்தைப் பிரித்துக் கொடுத்தால் ஆபத்து வருமா என்று கேட்டார். வக்கீல் சிரித்தார். கடன் பாக்கி இருந்தால் இரண்டு மாதத்துக்குள் சொல்லவேண்டும் என்று பத்திரிகையில் எப்போதோ விளம்பரம் வந்தாயிற்று. கெடுவும் போன மாதமே முடிந்தது. ஒருவரும் வரவில்லை. இனி வந்தாலும் சொத்தை வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளைத்தான் கேட்கமுடியும், இவரைத் தொடமுடியாது.

"விளம்பரம் யாரு கொடுத்தது?"

"நீங்கதான். உங்க வீட்டம்மா கொண்டுவந்தாங்க. உங்க கையெழுத்து இருந்துச்சே."

மனைவி நீட்டும் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவது அவருடைய இருபது வருடப் பழக்கம்.

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

"பத்திரம் எழுதும்போதே ஆபத்தில்லைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"ஏன் சொல்லலை?"

"நீங்க பயத்துல கொடுக்கிறதா சொல்லலையே. அன்புலன்னுதானே சொன்னீங்க."

வீட்டைத் திருப்பி எழுதித் தரமுடியுமா என்று மெல்லக் கேட்டார்.

"தாராளமா. முறைப்படி பத்திரிகையில போட்டு, ஆட்சேபணை இருக்கான்னு கேட்டுட்டு எழுதிடலாம்."

"இதுக்கு யாரு ஆட்சேபிக்கப் போறா?"

"நான்தான்" என்றாள் அவள்.