குளியலறையில் ஒரு தீபாராதனை

நான் எந்தப் பொருளையும் அதன் பயன் பார்த்துத் தெரிவு செய்தவன் அல்லன். அழகு பார்த்துத்தான் வாங்குவேன். (மனைவி இதைப் படித்தால் தன்னைச் சொன்னதாக நினைத்து மகிழக்கூடும். அப்படியே இருக்கட்டும்.) இந்தக் குணத்தால் ஒருநாள் காலை என் கல்யாணமே அந்தரத்தில் தொங்கியது.

அப்போது நான் சோலோதுர்ன் நகரில் அம்மாவுடன் இருந்தேன். நான் கட்டவிருந்த வதனி பாடன் நகரில் இருந்தாள். கல்யாணம் பேசி முடிந்த கையோடு ஆரே ஆற்றுப் பாலத்தில் வைத்து ஒரு நிபந்தனை போட்டாள்.

"நீங்கள் சிகரெட்டைத் தொட்டதே இல்லையெண்டு அப்பாட்டைச் சொல்லிப்போட்டன். பொன்னுருக்குக்கு முதல் அதை விட்டுப்போடுங்கோ. அவர் கண்டாரெண்டால் இந்தக் கல்யாணம் நடக்காது."

"ஓம்" என்றேன். ஆற்றின் மேல் நவம்பர் மூடுபனி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு புகை சும்மா வருகிற ஊரில் காசு கொடுத்தல்லவா புகை வாங்குகிறேன் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவள் பிறகு சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

சிகரெட்டை விட்டேன். சத்தியமாக விட்டேன். விட்ட கையில் வேப் என்கிற மின்சிகரெட் ஒன்று வந்து ஏறிக்கொண்டது. கம்பியை நாமே சுருளாகச் சுற்றி, பஞ்சு வைத்துக் கட்டி, அதில் ஊறும் வாசனைத் திரவத்தைப் புகையாக்குகிற டேங்க் வாங்கினால் சிகரெட் போலவே இருக்கும் என்று வேலையிடத்தில் ஒருவன் ஓதியிருந்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். சிகரெட் போல முதலில் வாய்க்குள் இழுத்துப் பிறகு நெஞ்சுக்குள் இறக்குபவரா, நேரே நெஞ்சுக்குள் இழுப்பவரா என்று கேட்டார். சிகரெட் போலத்தான் என்றேன். கட்டைவிரல் அளவில் ஒரு டேங்கை எடுத்து வைத்தார். ஒரு சுருள், இரண்டு திருகாணி, ஊசி முனை அளவில் காற்றுத் துளை. சப்பாத்து நாடா கட்டத் தெரிந்தவருக்கு இதையும் கட்டத் தெரியும் என்றார்.

என் கண் மேல்தட்டில் இருந்தது. அங்கே நீலக் கண்ணாடியில் ஒரு பெரிய டேங்க், வெயிலை வாங்கித் தன்னுள் வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு சுருள், நான்கு திருகாணி, விரல் நுழையும் காற்றுத் துளை. "அது உங்களுக்கு வேண்டாம். கட்டுவது சிரமம். மேகம் மேகமாக விடுபவர்கள் வாங்குவது" என்றார் கடைக்காரர். மேகம் என்று அவர் சொன்னதுமே நான் காசு அட்டையை நீட்டிவிட்டேன்.

அதன்பிறகு நடந்ததை ஒரு கட்டடத் தொழிலாளியின் துயரம் என்றே சொல்லலாம். திருகாணியை இறுக்கினால் கம்பி அறுந்தது. இறுக்காவிட்டால் சுருள் கழன்றது. எப்படியோ கட்டி முடித்தால் டேங்க் ஒழுகியது. என் காற்சட்டைப் பைகள் எல்லாம் ஸ்ட்ரோபெரி மணத்தன. பொன்னுருக்கு அன்று காலை கடைப் பஞ்சும் தீர்ந்துபோயிற்று.

பொன்னுருக்கு என்றால் தாலிக்கு உரிய பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குகிற சடங்கு. பெண் வரமாட்டாள், பெண் வீட்டார் வருவார்கள். ஒரே ஒரு இழுவை போதும், பிறகு நல்ல பிள்ளையாக இருந்துவிடுவேன் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். அப்போதுதான் சாமித் தட்டில் இருந்த அம்மாவின் பிஸ்கட் டின் கண்ணில் பட்டது. உள்ளே விளக்குத் திரிகள். வெள்ளை வெளேரென்று, அளவாக உருட்டிய பஞ்சு. இரண்டை எடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தின.

அதே டின்னில்தான் அம்மா கற்பூரத்தையும் வைத்திருப்பார். பிறந்த நாளிலிருந்து அந்த வாசத்துக்குள் வளர்ந்த என் மூக்குக்கு அது வாசமாகவே படவில்லை.

வதனியின் அப்பா, என் வருங்கால மாமா, பதினொரு பேருடன் வந்து இறங்கினார். பாடனில் ஒரு தொழிற்சாலையில் பெரிய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுபவர் அவர். பொன் உருக்க வந்த பத்தர் உலையை மூட்டினார். நான் மெதுவாக எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

முதல் இழுவையில் தொண்டை குளிர்ந்தது. வெளியே விட்டபோது அந்தச் சின்ன அறை முழுவதும் வெண்மேகம். கண்ணாடி மறைந்தது, தண்ணீர்க்குழாய் மறைந்தது, நானும் மறைந்தேன். கல்யாணம், மாமா, நிபந்தனை எல்லாம் எங்கோ தூரத்தில் போய் நின்றன. நாலைந்து முறை ஊதியிருப்பேன். பிறகு ஒரு இருமல் வந்து என்னைத் தரைக்கு இறக்கியது.

கதவைத் திறந்தேன். வரவேற்பறையில் எல்லாரும் எழும்பி, குளியலறையைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். கற்பூர வாசம் கதவிடுக்கால் போயிருக்கிறது. தீபாராதனை என்று நினைத்துவிட்டார்கள். பட்டு வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக நான் புகை நடுவே தோன்ற, ஒரு மாமி அந்தப் புகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா மட்டும் இன்னும் கொளுத்தாத கற்பூரத் தட்டுடன் குசினி வாசலில் விறைத்து நின்றார்.

"தம்பி, உள்ளுக்கை என்ன பூசை?" என்று கேட்டு மாமா கையை நீட்டினார். ஒழுகிக்கொண்டிருந்த டேங்கை அந்தக் கையில் வைத்தேன். முடிந்தது கதை என்று நினைத்தபோது வதனியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. உண்மையாகவே அழுகை வந்தது.

"சிகரெட் பத்தினனான், மாமா. வதனிக்காக விட்டிட்டன். இது அதை விடுறதுக்குத்தான்."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டேங்கைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"இதை ஆர் சுத்தினது?"

"நான்தான்."

"முப்பது வருஷமாச் சுருள் சுத்துறன். இப்பிடி ஒரு கேவலத்தைக் காணேல்லை. ஒரு வளையம் மற்றதோடை முட்டுது, அங்காலை ஒண்டு விலகி நிக்குது. பத்தர், உங்கடை சாமணத்தை ஒருக்காத் தாங்கோ."

"சுபநேரம் போகுது, அண்ணை" என்றார் அம்மா.

"இதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது, தங்கச்சி. ரெண்டு நிமிஷம்."

தாலிப் பொன் உலையில் காத்திருக்க, மாமா பத்தரின் சின்ன இடுக்கியால் என் சுருளை நிமிர்த்தினார். முடித்ததும் பஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்து, அம்மாவின் டின்னையும் பார்த்தார். "பொய் சொல்லாமல் சொன்னீர். அது போதும். நேரத்தைப் பாத்துப் பொன்னை உருக்குங்கோ" என்றார்.

கல்யாணத்துக்கு அவர் தந்த பரிசுகளில் ஒரு சின்ன டேங்கும் இருந்தது. ஒரு சுருள், இரண்டு திருகாணி. கடைக்காரர் முதலில் காட்டிய அதே டேங்க். "உமக்கு இதுவே கூடிப்போச்சு" என்றார். அதோடு நிற்கவில்லை. மாதாமாதம் தன் கையால் சுற்றிய சுருள்களை நெருப்புப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து, "எங்கை, இழும் பாப்பம்" என்பார். மாமனார் சுற்றிய சுருளை மாமனார் முகத்துக்கு நேரே ஊத எந்த மருமகனால் முடியும்? புகை வாய்வரை வந்தது. நெஞ்சுக்குள் இறங்க மறுத்தது. மூன்றாம் மாதத்தோடு அதையும் விட்டேன்.

இப்போதும் விசேஷ வீடுகளில் நான் குளியலறைப் பக்கம் திரும்பினால் மாமா கைகூப்பிக்கொண்டு எழும்புவார். மற்றவர்களும் எழும்புவார்கள். பார்த்துப் பழகிய என் மகள் அதை நம் பண்பாடு என்றே நினைத்திருக்கிறாள். போன வாரம் அவளுடைய கிண்டர்கார்டன் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். குளியலறைக்குப் போய்விட்டு அவர் கதவைத் திறந்தபோது, வெளியே மகள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். ஆசிரியை ஒரு கணம் யோசித்துவிட்டு, பக்தியோடு தானும் கைகூப்பினார்.