மைக்ரானும் என் கடைவாய்ப் பல்லும்

இந்த உலகம் சரியாகச் செய்யப்படவில்லை என்பதை அளந்து பார்த்தே சொன்ன ஒரே மனிதர் மைக்ரான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் கடைந்த உருப்படிகளுக்குத் தரம் பார்த்தவர். மில்லிமீட்டரை ஆயிரமாகக் கூறுபோட்டு அதில் ஒரு கூறுக்குச் சண்டை போட்டதால் அந்தப் பெயர். ரிட்டையரானதும் அளக்க இரும்பு கிடைக்காமல், திருமுல்லைவாயிலில் நாங்கள் இரு குடும்பமும் இருக்கும் அடுக்குமாடியை அளக்க ஆரம்பித்தார். லிஃப்ட் தரைமட்டத்துக்கு நாலு மில்லிமீட்டர் மேலே நிற்கிறது என்று மூன்று மாடியும் படியேறினார். மருமகள் சுட்ட தோசை ஒரு பக்கம் தடிமன் என்று சொன்ன அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டார். எங்கள் தோசையையும் ரிஜெக்ட் செய்துவிட்டுத்தான்.

எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் போன இடத்தில் இம்ப்ளான்ட் திருகு வைக்க வேண்டியிருந்தது. துளை இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் நரம்பில் படும், கீழுதடு மரத்தே போகலாம் என்றார் முகப்பேர் டாக்டரம்மா. "பேச்சு குறையுமா டாக்டர்?" என்று என் மனைவி ஆவலாகக் கேட்டாள்.

துணைக்கு மைக்ரான் வந்தார். "ரெண்டு எம்எம்மா? எம்எம்ல பேசுறவன் மரம் அறுக்கிறவன் நைனா. நான் வந்து நிக்கிறேன்."

தலைக்கு மேல் கேமரா. அது என் தாடை இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ள என் பல்லில் ஒரு கிளிப். டிரில் எங்கே போகிறது என்பது திரையில், என் தாடை ஸ்கேன் மீது, பச்சைக் கோடாகத் தெரிந்தது. கால்மாட்டில் நின்ற மைக்ரான் விசாரணையைத் தொடங்கினார்.

"ஜீரோ செக் பண்ணிகினீங்களா மேடம்?"

"பண்ணியாச்சு ஐயா. டிரில் முனையை இந்தப் பல்லுல வெச்சா, திரையிலயும் இதே பல்லுல தெரியணும். தெரியுது."

"டூல் மாத்துனா?"

"மறுபடியும் பார்ப்போம்."

குறை கிடைக்காமல் அவர் முகம் வாடிவிட்டது. துளை பாதி இறங்கியபோதுதான் உயிர் வந்தது.

"நிறுத்துங்க மேடம். கிளிப்பு ஆடிகினு கீது."

டாக்டர் முனையைப் பல்லில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. இன்னொரு முறை. அதுவும் சரி.

"ஆடுது மேடம். முப்பது வருசம் இதே கண்ணுதான் பார்த்துச்சு."

டாக்டர் நிமிர்ந்து என் கால் பக்கம் பார்த்தார். மைக்ரான் என் கால் கட்டைவிரலை இறுகப் பிடித்திருந்தார்.

"கிளிப்பு பேஷன்ட்டோட சேர்ந்து ஆடுது ஐயா. பேஷன்ட்டை ஆட்டுறது நீங்க. உங்க கை நடுங்குது."

மைக்ரான் தன் கையை, ரிஜெக்ட் ஆன உருப்படியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு மெல்ல எடுத்துக்கொண்டார்.

திருகு சரியான இடத்தில் உட்கார்ந்தது. சாயங்காலமே உதட்டுக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. பேச்சு குறையவில்லை, மனைவி மனதைத் தேற்றிக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால், அந்தக் கை என் காலை விட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.