தொப்பியில் தைத்த சென்சார்

மனைவிக்குத் தெரியாமல் குருடாகிவிடுவது என்று ஹபீப் ரகுமான் தீர்மானித்தார். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பிரியாணி ஆக்கவே முடியாத அருப்புக்கோட்டையில், கட்டிய மனைவிக்குத் தெரியாமல் இதைச் செய்துவிடலாம் என்று நம்பினார். மனிதருக்கு அவ்வளவு தைரியம்.

கடைச் சாமான் வாங்குவதாகச் சொல்லி மதுரைக்குப் போய்க் கண்ணைக் காட்டியிருந்தார். நரம்பு பட்டுப்போய்க்கொண்டு வருகிறது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேர் எதிரே மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம். வரும் வழியில் காரியாபட்டி தாண்டும்வரை பஸ்ஸில் அழுதார். கண்ணைவிட ஷம்சாத் பேகத்தை நினைத்துத்தான் அழுதார்.

ஷம்சாத்தைப் பெற்ற அத்தாவுக்குப் பார்வை கிடையாது. விளையாடுகிற வயதெல்லாம் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போயே கழித்தவள் அவள். கல்யாணமான புதிதில், "இப்பத்தாங்க கையை வீசி நடக்குறேன்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தக் கையில் இன்னொரு குருடனின் கையைக் கொடுக்கக் கூடாது. அதுதான் ஹபீபின் வைராக்கியம்.

அரபு நாட்டுத் தம்மாமில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், இங்கே டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவர், அவருக்கா வழி தெரியாது? சுண்டுவிரல் நகத்தளவில் அல்ட்ராசானிக் சென்சார் மூன்று தினுசு வரவழைத்தார். காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பினால் சொல்லிவிடும் சாமான். ஒவ்வொன்றாகத் தொப்பியின் முன்னால் தைத்துக்கொண்டார். எதிரே ஏதாவது வந்தால் காதோரம் குறுகுறுக்கும். லோடு வண்டிக்குப் புதுக் கருவி செய்வதாகவும், கண்ணை மூடி நடந்தால்தான் சோதனை சுத்தமாக இருக்கும் என்றும் வீட்டில் அறிவித்தார். ஷம்சாத் உடனே சரி என்றாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் சென்சார் ஃபேன் காற்றுக்கே குறுகுறுத்தது. இரண்டாவது, சுவரில் முட்டிய பிறகு சொன்னது. மூன்றாவது தங்கம். பீரோ, கதவு, குடம் எல்லாம் தெரிந்தது. ஷம்சாத் மட்டும் தெரியவில்லை. டீயோடு வந்தவள்மேல் போய் மோதினார்.

"ஊருல உள்ள செவுரெல்லாம் தெரியுது, பொண்டாட்டி தெரியலையாக்கும்" என்றாள்.

"நூல் சேலை சத்தத்தைக் குடிச்சிருதும்மா. திரும்பி வந்தாத்தான தெரியும்."

"நான் திருப்பிப் பேசாதது ஒரு குத்தமா?"

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மற்றதெல்லாம் தெரிந்து இவள் மட்டும் தெரியாத கருவி எதற்கு? விரலைச் சுட்டுக்கொண்டு சாலிடர் வைத்து, திருகைக் கொஞ்சம் திருகினார். மறுநாள் கண்ணை மூடி நடக்கையில் ஷம்சாத் எதிரே வந்ததும் காதோரம் குறுகுறுத்தது. அதற்கப்புறம் ஒருதடவைகூடத் தப்பவில்லை. பக்கத்துக் கடை மாரிசெல்வத்திடம், ஜப்பான்காரனே தன்னிடம் கற்க வேண்டும் என்று அளந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குக் கிளம்புமுன் கடைசிச் சோதனை. கண்ணை மூடினார், நடந்தார், குறுகுறுத்தது. சந்தோஷம் தாங்காமல் அவள் தோளைத் தட்டக் கையை நீட்டினார். டங்கென்றது.

தடவிப் பார்த்தார். நெஞ்சுக்கு நேரே அவள் பிடித்திருந்தது, சீர் வைக்கிற பெரிய எவர்சில்வர் தாம்பாளம்.

"இது என்னத்துக்கு?"

"இது இல்லாட்டி உங்க மிசினுக்கு நான் தெரிய மாட்டேங்குறேன்ல."

தன் கண் விஷயம் எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார்.

"டீ கிளாசைத் தடவி எடுத்தீகள்ல, அன்னைக்கே. எங்கத்தாவும் அப்படித்தான் எடுப்பாக."

"உன்னைய மறுபடி கையப் பிடிக்க வைக்கக் கூடாதுன்னுதான்..." என்றவர் பிள்ளைபோல் அழுதார். அவளும் அழுதாள் என்பது மூக்கை உறிஞ்சியதில் தெரிந்தது.

தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். குறுகுறுப்பு நின்றது. எதிரே யாருமே இல்லை என்றது சென்சார். அந்த யாருமில்லாத இடத்திலிருந்து ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது.

"இம்புட்டு நாளும் இதத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சு தோளே எறங்கிப்போச்சு" என்றாள் ஷம்சாத். "உங்க கைன்னா லேசால்ல இருந்திருக்கும்."