கெதினுக்குத் தெரியக் கூடாத விறகு

"ரோட்டோரம் வரைக்கும்தான் எங்க பொறுப்பு. கேட்டைத் தாண்டி உள்ள கொண்டாந்து வைக்கிறதெல்லாம் கிடையாது," என்று சொல்லிவிட்டு, லாரி ஓட்டி வந்த கெல்லி ரசீதை நீட்டினாள்.

இட்வல் ப்ராபர்ட் ரசீதைப் பார்க்கவில்லை. வீட்டு கேட்டுக்கு வெளியே, ஊரே போய் வருகிற சாலையில், மார்பு உயரத்துக்கு உட்கார்ந்திருந்த வெள்ளை மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 'சூளையில் உலர்த்திய விறகு' என்று நான்கு பக்கமும் பச்சை எழுத்து. எதிர் மலையில் மேய்கிற ஆடுகள்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிடும் போலிருந்தது.

"ஏம்மா, செவ்வாய்க்கிழமைன்னுதானே சொன்னீங்க?"

"இன்னிக்கு வண்டியில இடம் இருந்துச்சு. சனிக்கிழமையே வந்தா சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் இட்வல்.

வேல்ஸ் மலைப்பக்கத்துக்காரர்களிடம் இது ஒரு வியாதி. மனதில் இருப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மரியாதையாகச் சொல்வார்கள். அந்த வியாதி முற்றிப்போனதால்தான் அவர் வீட்டுக்கு இந்த மூட்டையே வந்து சேர்ந்தது.

விஷயம் இதுதான். இருபது வருஷமாக இட்வலுக்கு விறகு கொடுப்பவர் கெதின் பிரீஸ். மேலே மலைச்சரிவில் தனி வீடு, சொந்தத் தோப்பு, சொந்த ரம்பம். முன்பெல்லாம் நல்ல விறகுதான். ஐந்தாறு வருஷமாகத்தான் என்னவோ ஆகிவிட்டது. கணப்பில் போட்டால் எரிவதற்குப் பதிலாக அழுகிறது. வீடு முழுக்கப் புகை. இட்வலின் மனைவி நெஸ்டா அக்டோபரில் இருமத் தொடங்கினால் ஏப்ரலில்தான் நிறுத்துகிறாள். இந்த வருஷம் டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். நெஸ்டா அதைவிடக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"காஞ்ச விறகு வருதா, இல்ல நான் ஸ்வான்ஸீயில என் தங்கச்சி வீட்டுக்குப் போகட்டுமா?"

"கெதின்கிட்ட எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்லுங்க."

அது மட்டும் நடக்காது. நெஸ்டாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் இட்வலுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர் கெதின். சர்ச் பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள் இருவரும். "இப்ப எனக்கு வாடிக்கைன்னு மிச்சம் இருக்கறது நீ மட்டும்தான்," என்று போன வருஷம்கூடச் சொன்னார். அந்த மனிதரிடம் போய் உன் விறகு வேண்டாம் என்று சொல்வதற்கு இட்வலுக்கு நாக்கு எழவில்லை. "உன் விறகு மாதிரி வேற எங்கயும் கிடைக்காதுப்பா" என்றுதான் வருஷா வருஷம் எழுந்தது.

செவ்வாய்க்கிழமை கெதின் ஆட்டுச் சந்தைக்குப் போய்விடுவார்; யாருக்கும் தெரியாமல் விறகை உள்ளே அடுக்கிவிடலாம் என்பது திட்டம். இன்று சனிக்கிழமை. பத்து மணிக்கு கெதின் தன் விறகோடு வருகிறார். மணி ஒன்பதே கால்.

"திருப்பி எடுத்துட்டுப் போயிட்டு செவ்வாய்க்கிழமை கொண்டாரீங்களா?"

"இறக்குறதுக்குத்தான் மெஷின் இருக்கு, ஏத்துறதுக்கு இல்ல. இன்னும் ஒரு வீடு பாக்கி," என்று கெல்லி கிளம்பிப் போய்விட்டாள்.

இட்வல் மூட்டையைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை, அவர் முதுகுதான் அசைந்தது.

"எதையாவது போட்டு மூடுங்க," என்று ஜன்னல் வழியாக நெஸ்டா சொல்லிவிட்டு இருமினாள்.

கைக்குக் கிடைத்தது கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போடுகிற பெரிய மேஜை விரிப்பு. நீலப்பூ போட்டது. மேலே ஒரு பலகையை வைத்து விரிப்பைப் போட்டதும், விளிம்பு தரை வரைக்கும் தொங்கி எழுத்தெல்லாம் மறைந்தது. இட்வலுக்கு உயிர் வந்தது.

வந்த உயிர் ஐந்து நிமிஷம்தான் தங்கியது. தபாலாபீஸ் பெய்னன் அம்மாள் வந்தார்.

"அடடா, சர்ச் கூரை நிதிக்கு மேஜை போட்டிருக்கீங்களா? சொல்லவே இல்லையே."

தப்பு அவர்மேல் இல்லை. அந்த ஊரில் சாலையோரம் துணி விரித்த மேஜை இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் செய்ததைக் கொண்டுவந்து வைக்க வேண்டும், தட்டில் காசு போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். மழை வந்தால் சர்ச்சுக்குள் ஒழுகுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இல்லை என்று சொன்னால் பின்னே என்ன என்று கேட்பார். "ஆமா, திடீர்னு தோணுச்சு," என்றார் இட்வல்.

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு. இருங்க, காலையில சுட்ட பழரொட்டி இருக்கு."

பழரொட்டி வந்தது. அதோடு செய்தியும் ஊருக்குள் போனது. பிளம் ஜாம் இரண்டு பாட்டில் வந்தது, குழந்தைக் குல்லாய் வந்தது, ஒரு பூசணிக்காய் வந்தது. பழரொட்டியை வாங்க ஒருவர் நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து இன்னொருவர் பின்னால் நின்றார். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டால் அந்த நாட்டில் அதைக் கலைக்க ராணுவம்தான் வர வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு வரிசை பஸ் நிறுத்தத்தைத் தொட்டது.

"என்னங்க இது? நான் மூடச் சொன்னேனா, கடை போடச் சொன்னேனா?" என்று நெஸ்டா வாசலுக்கு வந்தாள்.

"வாயை மூடிக்கிட்டு நீயும் ஏதாவது கொண்டாந்து வை. நம்ம மேஜையில நாமளே ஒண்ணும் வைக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

சரியாகப் பத்து மணிக்கு கெதினின் பழைய வண்டி இழுவைப்பெட்டியோடு வந்தது. பெட்டி நிறைய விறகு. அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல முற்றத்துக்குள் பின்பக்கமாக வந்து மொத்தத்தையும் கொட்டினார் கெதின். தொப்பென்று விழுந்தது.

"இந்த வருஷம் கட்டை எப்படி இருக்கு பாரு," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

"தங்கம்ப்பா, தங்கம்," என்றார் இட்வல். உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

கெதின் நேராக மேஜைக்கு வந்தார். ஒரு துண்டு பழரொட்டி வாங்கிக்கொண்டு, மூட்டையின் மேலேயே வசதியாக முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"உறுதியான மேஜைப்பா. ஆட்டமே இல்ல."

"ஓக் மரம்," என்றார் இட்வல். அது மட்டும் உண்மை; மூட்டைக்குள் இருந்தது ஓக் விறகுதான்.

அப்போதுதான் மழை தூறியது.

"குல்லாய் நனையுது, ரொட்டி நனையுது," என்று பெய்னன் அம்மாள் பரபரத்தார். நாலு பேர் நாலு தட்டை எடுத்தார்கள். இட்வல் வேண்டாம் வேண்டாம் என்று கையை நீட்டுவதற்குள், அந்த அம்மாள் எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு ஓட நீலப்பூ விரிப்பை உருவி எடுத்துவிட்டார்.

பச்சை எழுத்து பளிச்சென்று ஊர் முன்னால் நின்றது.

இட்வலின் முகம் வெளுத்தது. கெதினின் முகம் அதைவிட வெளுத்தது. கையில் இருந்த ரொட்டித் துண்டு வாய்க்குப் போகாமல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இருபது வருஷ சிநேகிதம் தன் கண் முன்னால் செத்துக்கொண்டிருக்கிறது என்று இட்வலுக்குத் தோன்றியது. அழுகையே வந்துவிட்டது.

"கெதின், இது... இது என்னோடது இல்லப்பா. லாரிக்காரி விலாசம் மாத்தி இறக்கிட்டுப் போயிட்டா. பார்க்க அசிங்கமா இருக்கேன்னு மூடி வெச்சேன்."

"விலாசம் மாறிப்போச்சா?" கெதின் மூச்சை விட்டார். "அப்படின்னா... அப்படின்னா அது யார் வீடுன்னு நான் கண்டுபிடிச்சுக்குறேன். பெட்டி காலியாத்தான இருக்கு. நானே கொண்டுபோய்ச் சேத்துடறேன்."

"உனக்கு எதுக்குப்பா சிரமம்?"

"சிரமமே இல்ல," என்றார் கெதின், அவசரமாக.

இனி என்ன சொல்வது? வரிசையில் நின்றவர்கள் ரொட்டிக்கு வந்தவர்கள்தான். ஆனாலும் நிற்பது நிற்கிறோம், உதவியாவது செய்யலாம் என்று மூட்டையிலிருந்த விறகை கெதினின் வண்டிக்கு அப்படியே கைமாற்றத் தொடங்கினார்கள். காய்ந்த கட்டைகள் ஒன்றோடொன்று மோதி மணி மாதிரி ஒலித்தன. மூன்றாவது ஆளாக நின்று அவற்றை வாங்கி வாங்கிக் கொடுத்தவர் இட்வல். தன் விறகைத் தன் கையாலேயே வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

நெஸ்டா வாசற்படியில் பெட்டியோடு நின்றாள். துணி அடைக்கிற பெட்டி.

"ஸ்வான்ஸீ பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள்.

"நெஸ்டா, கொஞ்சம் பொறு. அவன் மனசு ஒடஞ்சுடும்."

"என் நெஞ்சு ஒடஞ்சா பரவால்லயா?"

கடைசிக் கட்டையும் கெதினின் இழுவைப்பெட்டியில் ஏறியது. காலி மூட்டை மழையில் சுருண்டு விழுந்தது.

மேலிருந்து திரும்பி வந்த கெல்லியின் லாரி, கூட்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. கெதின் சட்டென்று தன் வண்டிக்குப் பின்னால் குனிந்தார். ஆனால் அவர் ஆறடி உயரம். கெல்லி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"பிரீஸ் ஐயா, உங்க மூட்டையையும் ரோட்டோரம் இருக்கற மாட்டுத் தொட்டி பக்கத்துலயே இறக்கிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு வருஷமா எங்ககிட்ட நல்லாக் காஞ்ச விறகை வாங்கி, அதைத் தொட்டியில ஊறப்போட்டு, தோப்புல புதுசா வெட்டுனதுன்னு சொல்லி யாரோ சிநேகிதருக்குக் கொண்டுபோய்க் குடுக்கறீங்களே, அதுக்குப் பதிலா, 'நான் மரம் வெட்டுறதை விட்டுட்டேன்'னு அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சாத்தான் என்ன?"