இரண்டு மைல் சமுத்திரம்

"மாப்ளே, இந்த நீலக் கலர்ல இருக்கே, இது என்னது?"

பத்ரி ஒரு காலில் ஷூ மாட்டிக்கொண்டு இன்னொரு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான். மணி ஒன்பதே கால். மாமியார் விசாலாக்ஷி டைனிங் டேபிளில் ஐபேடைப் பரப்பி, கூகுள் மேப்பை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிசு பண்ணிக்கொண்டிருந்தாள்.

"எது மாமி?"

"நம்மாத்துக்கும் உங்க ஆபீசுக்கும் நடுவுல. ஃப்ரீமான்ட் இந்தப் பக்கம். மென்லோ பார்க் அந்தப் பக்கம். நடுவுல பாத்தா ஒரே நீலமா இருக்கே."

"அது பே மாமி. சான் பிரான்சிஸ்கோ பே, வளைகுடா. மேல பாலம் இருக்கு. டம்பார்ட்டன் பிரிட்ஜ். ரெண்டு மைல்தான், அஞ்சு நிமிஷத்துல தாண்டிடுவேன்."

"தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?"

இங்கே பத்ரி உஷாராகியிருக்க வேண்டும். பதிமூன்று வருஷமாக சாஃப்ட்வேரில் பிழை தேடிச் சம்பாதிக்கிறவன், இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருப்பதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஷூவைத்தான் பார்த்தான்.

"உப்புதான். கரையில பாத்தி கட்டி உப்பே எடுக்கறா."

விசாலாக்ஷி ஐபேடைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப அது சமுத்திரம். ஷூவைக் கழட்டுங்கோ."

"என்ன மாமி?"

"ஆத்துக்காரி முழுகாம இருக்கறச்சே ஆம்படையான் மரம் வெட்டப்படாது, பொணம் தூக்கப்படாது, சமுத்திரம் தாண்டப்படாது. சாஸ்திரம்."

"முதல் ரெண்டும் நான் பண்றதில்லையே மாமி."

"மூணாவதை தினம் ரெண்டு தடவை பண்றேளே!"

பத்ரி வாதாடினான். பாலம் தண்ணீரைத் தொடவே இல்லை என்றான். "பாலத்தோட கால் எங்க இருக்கு?" என்றாள் விசாலாக்ஷி. "தண்ணிக்குள்ள" என்று ஒப்புக்கொண்டான். பிறகு கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"நீங்க மட்டும் சென்னையிலேருந்து பசிபிக்கையே தாண்டி வந்தேளே?"

"நான் யாருக்கும் ஆம்படையான் இல்லையே மாப்ளே."

கேஸ் தள்ளுபடி. அப்பீலுக்கு பெட்ரூமுக்குப் போனான். ரக்ஷா ஏழு மாத வயிற்றுக்கு மேல் லேப்டாப்பைச் சாய்த்து வைத்து, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தாள். மியூட் பண்ணினாள்.

"பத்ரி, ப்ளீஸ். ரெண்டு மாசம்தானே? அம்மா சொல்றதைக் கேட்டுட்டுப் போயேன். எனக்கு பிபி ஏத்தாதே."

"இது சாஸ்திரமே இல்ல ரக்ஷா, ஜியாக்ரஃபி!"

"அன்மியூட் பண்றேன்" என்றாள் ரக்ஷா. பண்ணிவிட்டாள்.

இதில் சிக்கல் என்னவென்றால், பத்ரியின் ஆபீசிலும் ஒரு சாஸ்திரம் இருந்தது. வாரம் மூன்று நாள் நேரில் வர வேண்டும். காலை பதினொரு மணிக்குள் வாசலில் பேட்ஜைத் தேய்க்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்று வராத கணக்குதான்.

பத்ரி கடலுக்குப் பிரதட்சிணம் செய்வது என்று முடிவு கட்டினான். தெற்கே இறங்கி, மில்பிடாஸ் போய், வளைகுடாவின் வாலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வடக்கே ஏறினால் மென்லோ பார்க். தண்ணீரே குறுக்கிடாது. டிராஃபிக்தான் குறுக்கிட்டது. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம் என்று விசாலாக்ஷி வாசலை மறித்ததால் ஒன்பதுக்குக் கிளம்பி, பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தான். புதன்கிழமை அதே ஏழரை ஒன்பது எமகண்டம். மில்பிடாஸில் ஒரு லாரி வேறு கவிழ்ந்திருந்தது. பதினொன்று நாற்பது.

மேனேஜர் மதன் அவனைக் காபி மெஷினுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"பத்ரி, லிஸ்ட் போடறாங்கடா."

"என்ன லிஸ்ட்?"

"அதுல பேர் வந்தவன் எவனும் திரும்பி வந்து அது என்ன லிஸ்ட்டுன்னு சொன்னதில்ல. இந்த வாரம் உனக்கு ரெண்டு நாள் அவுட். அடுத்த வாரம் மூணும் விழலைன்னா என்னால காப்பாத்த முடியாது."

"மதன், எங்க மாமியார் சமுத்திரம் தாண்டக்கூடாதுங்கறா."

மதன் சிரிக்கவில்லை. அவனுக்கும் கோயமுத்தூரில் மாமியார் உண்டு.

"எச்ஆர்ல மத காரணம்னு அப்ளை பண்ணிப் பாரேன்."

"ஆதாரம் கேப்பாளே?"

"மாமியாரை அட்டாச் பண்ணு."

பத்ரி மனசுக்குள் கணக்குப் போட்டான். வேலை போனால் நாட்டை விட்டுக் கிளம்ப அறுபது நாள். ஒன்பது வருஷமாகக் கியூவில் நிற்கிற கிரீன் கார்டு அம்பேல். அறுபது நாளில் குழந்தை பிறந்துவிடும், வேலை பிறக்குமா?

பாலத்தைத் தாண்டியே ஆக வேண்டும். ஆனால் தாண்டியது தெரியக்கூடாது. காரில் போனால் டோல் கட்டிய மெயில் ரக்ஷாவுக்கு வரும். அதுகூடப் பரவாயில்லை. பத்ரியின் ஃபோன் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்று ஐபேடில் இருந்தது. அதில் நகரும் நீலப் புள்ளியை விசாலாக்ஷி மத்தியான சீரியல் பார்ப்பதைப் போல விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பத்ரி, முகுந்தைப் பிடித்தான். முகுந்த் காலேஜ் நண்பன். ஃப்ரீமான்டிலேயே ஒரு சின்ன கம்பெனியில் வேலை.

"காலைல என் காரையும் ஃபோனையும் உன் ஆபீஸ்ல விட்டுட்டு நான் பஸ்ல போய்டுவேன். எங்களுக்கு ஃப்ரீமான்ட்லயே ஆபீஸ் திறந்துட்டான்னு வீட்டுல சொல்லிக்கறேன். புள்ளி உங்கிட்ட பத்திரமா இருக்கட்டும்."

"கொலை ஏதாவது பண்ணப் போறியா?"

"வேலைக்குப் போறேன்டா!"

செவ்வாய்க்கிழமை ஏழு இருபதுக்கே வீட்டை விட்டுக் கிளம்பினான். பஸ்ஸுக்கு நியூவார்க் ஸ்டாப்தான் வீட்டுக்குப் பக்கம். ஆனால் அங்கே நின்றால் தெரிந்தவர் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று, ஒரு ஸ்டாப் முன்னாலேயே போய் ஏறினான். கடைசி சீட். தொப்பி. கறுப்புக் கண்ணாடி.

பஸ் பாலத்தில் ஏறியது. பத்ரி நாலு வருஷமாக இந்தப் பாலத்தைத் தாண்டுகிறான். முன்னால் போகும் காரின் பின் விளக்கைத் தவிர எதையும் பார்த்ததில்லை. பஸ்ஸின் உயரத்திலிருந்து பார்த்தால் இடது பக்கம் உப்புப் பாத்திகள் நீர்மோர் நிறத்திலும் ரோஸ்மில்க் நிறத்திலுமாகக் கிடந்தன. வெள்ளைப் பறவைகள் கூட்டமாக ஒற்றைக் காலில் நின்று எதற்கோ காத்திருந்தன; அவற்றுக்கும் பேட்ஜ் தொந்தரவு போலிருக்கிறது. நடுக்கடலில் பத்ரி கண்ணை மூடி, பிறக்கப் போகும் குழந்தையிடம் மானசீகமாக ஒரு சாரி கேட்டான். கண்ணைத் திறந்தபோது கரை வந்துவிட்டது. எட்டே முக்காலுக்குப் பேட்ஜ் பச்சை விளக்கு காட்டியது. முதல் நாள் விழுந்தது.

சாயங்காலம் ஃபோனை வாங்கப் போனால், முகுந்த் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"உங்க மாமியார் கால் பண்ணாங்க. பதினொரு மணிக்கு. கை தவறி எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு?"

"பத்ரி பாத்ரூம்ல இருக்கான்னு சொன்னேன். பதினொன்றரைக்கு மறுபடி கூப்பிட்டாங்க. அப்பவும் பாத்ரூம்னுட்டேன். பன்னெண்டுக்கும்."

"ஒரு மணி நேரமாவா பாத்ரூம்ல இருந்தேன்?"

"அந்த நேரத்துல வேற ஒண்ணும் தோணலைடா. ஒழுங்கா கேக்கவும் இல்ல. அந்தப் பக்கம் ஒரே தண்ணி சத்தம், விசில் சத்தம். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே குக்கர் வச்சிருந்தாங்க போல."

வீட்டில் பத்ரிக்காகக் குழைந்த சாதமும், சீரகம் மட்டும் போட்ட ஒரு திரவமும் காத்திருந்தன.

"மாப்ளே, எத்தனை தடவை போச்சு?"

"ஐயோ, ஒண்ணும் இல்ல மாமி."

"வெக்கப்படாதேங்கோ. தண்ணியாவா?"

மீட்டிங்கிலிருந்து தலையை நீட்டி, "பத்ரி, எலெக்ட்ரால் வாங்கட்டுமா?" என்றாள் ரக்ஷா.

அன்று பொரித்த அப்பளம் அவன் கண்ணெதிரிலேயே மற்ற இருவருடைய தட்டுக்கும் போனது.

புதன்கிழமை காலை முகுந்திடம் கண்டிப்பாகச் சொன்னான். "பாத்ரூம் பேச்சே எடுக்கப்படாது. வேற ஏதாவது சொல்லு. கௌரவமா சொல்லு."

பஸ் போனது. பாலம் போனது. பேட்ஜ் விழுந்தது. இரண்டாவது நாள். மதன் தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். இன்னும் ஒரே ஒரு நாள். வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை கட்டடத்தையே பூட்டிவிடுவார்கள்.

சாயங்காலம் முகுந்த் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "இன்னிக்கு கௌரவமா சொல்லிட்டேன். டாக்டர்கிட்ட போயிருக்கான்னேன்."

"அடப்பாவி!"

"ஸ்பெஷலிஸ்ட்டுன்னு கூட சொன்னேன்டா."

வீட்டு வாசலிலேயே விசாலாக்ஷி நின்றாள். கையில் விபூதி. கண்ணில் கண்ணீர்.

"ஸ்பெஷலிஸ்ட் வரைக்கும் போயிருக்கேள், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. என்ன சொன்னான் அவன்?"

"வந்து... ரெஸ்ட் எடுக்கச் சொன்னார் மாமி."

சொன்ன மறு விநாடி பத்ரி நாக்கைக் கடித்துக்கொண்டான். பதிமூன்று வருஷ அனுபவத்தில் இவ்வளவு பெரிய பிழையை அவன் எழுதியதில்லை.

வியாழக்கிழமை காலை அவன் கட்டிலில் கிடந்தான். போர்வை கழுத்து வரை. விசாலாக்ஷி கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு இருபது போனது. எட்டு மணி பஸ் போனது. பத்ரி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்; அந்தப் பார்வையைப் பார்த்த விசாலாக்ஷிக்குக் கவலை இன்னும் அதிகமானது.

"மாமி, இன்னிக்கு மட்டும் போய்ட்டு வந்துடறேனே? முக்கியமான மீட்டிங்."

"உங்க வயித்தை விட முக்கியமா? வாயைத் திறங்கோ."

கஷாயம் இறங்கியது. அதுவரை நன்றாக இருந்த வயிறு, அந்தக் கணத்தில்தான் முதல் முறையாக நிஜமாகவே ஒரு புரட்டுப் புரட்டியது.

ஒன்பதரைக்கு விசாலாக்ஷி எழுந்தாள்.

"நான் கோயில் வரைக்கும் நடந்து போய் உங்க பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணிண்டு வந்துடறேன். திரும்பி வர மத்தியானம் ஒரு மணி ஆயிடும். எழுந்துக்கப்படாது. தூங்குங்கோ."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பத்ரி ஐம்பது வரை எண்ணினான். ரக்ஷாவின் அறையிலிருந்து மீட்டிங் இரைந்துகொண்டிருந்தது. போர்வைக்குள் இரண்டு தலையணையைப் படுக்க வைத்தான். நீலப் புள்ளி வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஃபோனைத் தலையணைக்கு அடியில் செருகினான். பேட்ஜை வாயில் கவ்விக்கொண்டு, பேன்ட்டை மாட்டிக்கொண்டே பின்பக்கக் கதவு வழியாகத் தோட்டத்தில் குதித்தான். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குழாயை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

அவனுடைய ஸ்டாப் முக்கால் மைல். ஓடினான். கஷாயமும் கூடவே ஓடியது. சந்து திரும்பும்போது பத்து மணி பஸ், கதவை மூடிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தது. பத்ரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றான். இந்த நாட்டில் அப்படி யாரும் செய்வதில்லை. பஸ் நின்றது.

ஏறினான். கம்பியில் சாய்ந்து மூச்சு வாங்கினான். பத்து இருபதுக்குப் பாலம். பத்தே முக்காலுக்குப் பேட்ஜ். மூன்றாவது நாளும் விழுந்துவிடும். லிஸ்ட்டிலிருந்து பேர் போய்விடும். குழந்தை தைரியமாகப் பிறக்கலாம். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால், மாமி அர்ச்சனைத் தட்டோடு திரும்புவதற்குள் கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்துக்கொள்ளலாம். பத்ரிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த முதல் சீட்டில் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

பச்சைத் தலைப்பாகை கட்டிய சர்தார்ஜி டிரைவர், கண்ணாடியில் அவனைப் பார்த்தார். பஸ்ஸை நகர்த்திக்கொண்டே, பஞ்சாபி வாடை வீசும் ஆங்கிலத்தில் நயமாகச் சொன்னார்:

"அந்த சீட்டை மட்டும் விட்டுடுங்க தம்பி, அடுத்த ஸ்டாப்ல நம்ம மெட்ராஸ் மேடம் ஏறுவாங்க. அந்தக் கரையில நீச்சல் கத்துக்கப் போறாங்க. வீட்டுல யாருக்கும் தெரியாது, ரெண்டு வாரம் முன்னாடி ஒரு நாள் பாலத்துல மாப்பிள்ளை கார் பக்கத்துல வந்துடுச்சுன்னு இந்த சீட்டுக்கு அடியில ஒளிஞ்சாங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரியே உக்காந்து, மாப்பிள்ளைங்க யாரும் கடல் தாண்டக்கூடாதுன்னு புதுசா ஒரு சாஸ்திரமே எழுதிட்டாங்களாம்!"